மீதிப் பேச்சு

பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோப் பெண் சொன்னபோது சின்னவருக்கு அது ஒரு பெரிய காரியமாகத் தோன்றவில்லை. நாற்பத்தாறு வயதுவரை வாயை மூடாமல் பேசியே பிழைப்பு நடத்திய ஆள் அவர். நடப்பதுதான் ஆகாது. வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கும் ஒரே ஒரு தெருவுக்கே ஆட்டோ தேடுவார். பேர்தான் சின்னவர். உடம்பு நூற்றுப் பத்து கிலோவைத் தாண்டி வெகுநாளாகிறது.

"ரொம்ப சுலபம் சார்," என்றாள் அவள். "நடக்கும்போது உங்களால பாட முடிஞ்சா, நீங்க சும்மா உலாத்தறீங்கன்னு அர்த்தம். ஒரு வார்த்தைகூட வரலேன்னா, ரொம்ப வேகமா போறீங்க. பேச வரணும், பாட வரக்கூடாது. அதுதான் உங்க இதயத்துக்கு அளவு."

"பாட்டு எனக்கு எப்பவுமே வராதும்மா."

"அப்ப பேசுங்க. உங்க கடையப் பத்திச் சொல்லுங்க."

ட்ரெட்மில் நகர ஆரம்பித்தது. சின்னவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "எங்க கடை வந்தும்மா, அந்தப் பார்க்கிங் கட்டடத்துக்குக் கீழ…" என்று சொல்லி நிறுத்தினார். அவளும் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார். அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"சாவி போடற கடை. நாங்க ரெண்டு பேரும் அதுல ஒரே…" மறுபடி நிறுத்தம். மறுபடி வேகம் குறைந்தது. கடைசியில் எறும்பு முந்திக்கொண்டு போகிற அளவுக்கு பெல்ட் ஊர்ந்தது. அப்போதும் அவர் ஒரு பேச்சையும் முடித்தபாடில்லை. இந்த நடைக்கே இப்படி மூச்சு வாங்கும் ஒருவரை அவள் பார்த்ததில்லை. முகம் வெளிறிப்போய் மருத்துவரைக் கூப்பிட ஓடினாள்.

அதற்கும் மூச்சுக்கும் சம்பந்தமே இல்லை. சின்னவர் தன் வாழ்நாளில் எந்தப் பேச்சையும் முடித்ததில்லை, அவ்வளவுதான். முடித்துக் கொடுக்க அண்ணன் இருந்தார்.

பெரியவருக்கும் சின்னவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர் முடிப்பார். "பூட்டு நல்ல பூட்டுதான், ஆனா…" என்பார் பெரியவர். "உள்ள ஸ்பிரிங் போயிடுச்சு" என்பார் சின்னவர். வாடிக்கையாளர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலியோடு போவார்கள். சண்டைகூட அப்படித்தான். "உன்ன மாதிரி ஒரு…" என்று பெரியவர் பல்லைக் கடித்தால், "தடியன எங்கயும் பாத்ததில்ல" என்று திட்டு வாங்குகிறவரே முடித்துவைப்பார். அதன்பிறகு யாருக்குத்தான் கோபம் நிற்கும்?

இரண்டு பேருக்கும் தாராளமான உடம்பு. கடையோ அலமாரி அகலம். ஒருவர் வெளியே வந்தால்தான் மற்றவர் திரும்ப முடியும். பழைய சாவியைக் கண்ணெதிரே தூக்கிப் பிடித்து வெட்டுகளின் ஆழத்தைச் சொல்வது பெரியவர் வேலை, புதுச் சாவியை மெஷினில் மாட்டி வெட்டுவது சின்னவர் வேலை. பார்க்கிங் கட்டடத்தில் எல்லோரும் அவர்களை ரெட்டைப்பூட்டு என்றார்கள். சின்னவருக்குக் கல்யாணப் பேச்சை அண்ணனும் தம்பியும் சேர்ந்து எத்தனையோ முறை ஆரம்பித்தார்கள். அதை மட்டும் இரண்டு பேருமே முடிக்கவில்லை.

பெரியவர் போனது ஒரு நாலாவது மாடியில். யாரோ வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டார்கள், லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சிரைக்க ஏறிப்போய், பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு, இறங்கும்போது களைப்பாக இருக்கிறதென்று படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம் பெருத்துப்போய் ரொம்ப நாளாகவே திணறிக்கொண்டிருந்திருக்கிறது என்றார்கள். அந்த வாரமே சின்னவரையும் இழுத்துக்கொண்டுபோய்ப் பரிசோதித்ததில், அவரும் அதே படியில் பாதிவரை ஏறிவிட்டார் என்று தெரிந்தது.

அவரை இழுத்துக்கொண்டு போனவர் அண்ணி. பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊர் உலகத்தின் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவர். அவருக்கு மட்டும் ஒரு கேள்வி பதில் இல்லாமல் நின்றுபோயிருந்தது.

செத்துப்போன அன்று காலையில் பெரியவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். குனிந்து தன் கால்செருப்பைத் தானே மாட்ட முடியாத உடம்பு. அண்ணி கீழே உட்கார்ந்து வாரை இழுத்து மாட்டிவிட்டார். அதற்கு முந்தின வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் சண்டை. அண்ணி அவருடைய சாப்பாட்டை அளந்துபோட ஆரம்பித்திருந்தார், அவர் முறைத்துக்கொண்டே சாப்பிட்டார். இப்போது பெரியவர் அண்ணியின் தலையைப் பார்த்து, "நீ மட்டும் இல்லேன்னா…" என்றார். அதற்குள் போன் அடித்தது. நாலாவது மாடிக்காரர். பேசிக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு அண்ணி, சின்னவர் குடியிருக்கும் மாடிக்கு ஏறிவந்து அவர் முன்னால் நின்றார். "நீதானே எப்பவும் அவர் பேச்ச முடிப்ப. இதையும் முடிச்சுக் குடு தம்பி."

சின்னவர் கண்ணை மூடி யோசித்தார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் அண்ணன் பேச்சை முடிக்க அவருக்குத் தெரியவில்லை.

"தெரியல அண்ணி."

"திட்ட வந்தாரா, கொஞ்ச வந்தாரா, அதையாவது சொல்லு."

"அதுவும்…" என்றார் சின்னவர். முடிக்க ஆள் இல்லை.

ஆக, ட்ரெட்மில்லில் நடந்தது இதுதான். பிசியோப் பெண் புத்திசாலி. இரண்டாவது வாரமே விஷயத்தைப் பிடித்துவிட்டாள். சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பைக் காட்டி, அதை வாசிக்கச் சொன்னாள். அடுத்தவர் எழுதிவைத்த வாக்கியத்தை முடிப்பதில் சின்னவருக்கு ஒரு தடையும் இல்லை. தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று கணீரென்று ஒப்பித்தார். "அடப்பாவி சார், உங்களுக்கு மூச்சு நல்லாவே இருக்கு!" என்று அவள் வேகத்தைக் கூட்டினாள்.

அன்றுதான் அவர் முதல்முதலாக உண்மையாக நடந்தார். காது அடைத்தது, நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ குத்துவதுபோல் அடித்துக்கொண்டது, கண்ணில் வேர்வை இறங்கி எரிந்தது. அறிவிப்பு மறைந்தது. பழக்க தோஷத்தில், "இந்த பெல்ட்டுல இப்படியே நடந்துக்கிட்டிருந்தா ஒரு நாள்…" என்றார்.

"…வீடு போய்ச் சேந்துடலாம்."

வலது காதுக்குப் பக்கத்தில். கடையில் அண்ணன் எப்போதும் நிற்கிற பக்கம். பேச்சுக்கு முன்னால் மூக்கில் வரும் அந்தச் சின்ன விசில்கூட இருந்தது.

சின்னவர் கால் பின்னி விழப்போனார். அவள் மெஷினை நிறுத்தினாள். "என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. சொல்லி முடிச்சாச்சு."

"நீங்க பாதிதானே சொன்னீங்க?"

வேர்த்த முதுகு சில்லிட்டுப்போயிருந்தது. பயந்தாரா என்றால், பயந்தார். பட்டப்பகலில், விளக்குகள் எரிகிற கூடத்தில், நாலு நோயாளிகள் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும்போதே பயந்தார். அந்தப் பயத்தோடு வீட்டுக்கு வந்து படுத்தவர், ஆஸ்பத்திரியில் மறுபடி எப்போது நடக்கக் கூப்பிடுவார்கள் என்று குழந்தைபோல் காத்திருந்தார். அண்ணன் குரல் இல்லாமல் அவர் வாய் இத்தனை நாளும் பாதி திறந்த கதவாகவே கிடந்திருந்தது.

அடுத்த முறையும் வந்தது. அதற்கடுத்த முறையும். மூச்சு முட்டுகிற அந்த எல்லையில் கால் வைத்ததும் விசில் கேட்கும். இவர் பாதி சொல்வார், அவர் மீதி சொல்வார். பூட்டைப் பற்றி, கூட நடக்கும் கிழவரின் அரைக்கால் சட்டையைப் பற்றி, ஒன்றுக்கும் உதவாத பேச்சு. சின்னவர் நடந்துகொண்டே சிரித்தார்.

அண்ணியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பைத்தியம் என்று சொல்வார் என நினைத்தார். அண்ணி ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. "அவர் குரலா?" என்று மட்டும் கேட்டார்.

"அவர் குரல்தான் அண்ணி. மூக்குல அந்த விசில்கூட…"

"அப்பக் கேளு," என்றார் அண்ணி. "நான் கேட்டேன்னு கேளு. நீ மட்டும் இல்லேன்னா நிம்மதியா இருப்பேன்னு சொல்ல வந்திருந்தாலும் பரவால்ல. தெரிஞ்சா போதும். தெரியாம என்னால தூங்க முடியல தம்பி."

மறுநாள் மெஷினில் எல்லையைத் தொட்டதும் சின்னவர், "நீ மட்டும் இல்லேன்னா…" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நான் இல்லேன்னாலும் மெஷின் ஓடும் சார்," என்றாள் பிசியோப் பெண், கொஞ்சம் வெட்கத்தோடு.

வேறு பதில் வரவில்லை. விசில் மட்டும் தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் கேட்டது. அடுத்த வாரம் அதுவும் இல்லை.

அந்த வாரம்தான் அவள் மகிழ்ச்சி பொங்க அவரை உட்காரவைத்துச் சொன்னாள். "எடை பெருசா குறையல. அதுக்காக மனச விட்டுடாதீங்க. உள்ள நல்ல மாற்றம் இருக்கு. முன்ன படபடன்னு அடிச்சு அனுப்பின ரத்தத்த இப்ப இதயம் நிதானமா, ஒரு அடிக்கு அதிகமா அனுப்புது. சும்மா உக்காந்திருக்கும்போதே துடிப்பு குறைஞ்சிருக்கு. ரத்த அழுத்தமும் எறங்கிடுச்சு. விடாம நடந்தா இதயத்தச் சுத்திப் படிஞ்ச கொழுப்பும் கரையும். போன மாசம் உங்களுக்கு மூச்சு முட்டின வேகம் இப்ப உங்களுக்கு விளையாட்டு."

யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். சின்னவர் திரும்பி மெஷினைப் பார்த்தார். அண்ணன் எங்கே போனார் என்று அவருக்கு இப்போது புரிந்துவிட்டது. அவர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறார், மூச்சு முட்டும் எல்லையில். எல்லைதான் நகர்ந்துபோய்விட்டது. இதயம் தேறத் தேற அண்ணன் தூரமாகிக்கொண்டிருந்தார்.

"இன்னும் வேகமா வைம்மா."

"இதுதான் உங்க அளவு சார். இதுக்கு மேல நான் வைக்க மாட்டேன். நெஞ்சு இறுகினாலோ, தாடை வலிச்சாலோ, அந்த நிமிஷமே நின்னுடணும். புரியுதா?"

புரியாமல் என்ன? அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். கடைக்குப் பக்கத்திலேயே, கார்கள் மேலே ஏறும் சாய்வுப் பாதை சுற்றிச் சுற்றி மொட்டைமாடிவரை போகிறது. காலையில் கார்கள் வருவதற்கு முன்னால் அவர் அதில் ஏற ஆரம்பித்தார். முதலில் இரண்டாம் தளத்தில் விசில் கேட்டது. கொஞ்ச நாளில் அங்கே ஒன்றும் இல்லை, மூன்றுக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு நான்கு. பிறகு வெறும் கையோடு ஏறினால் போதவில்லை, கருவிப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். அந்தக் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே தன் காலடிச் சத்தம் எதிரொலித்துத் திரும்பி வரும்போது, அது தன் காலடிதானா, கூட இன்னொரு கனத்த காலடியும் ஏறுகிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் துணிச்சல் இல்லை.

தினமும் சாயங்காலம் அண்ணி மாடிப்படியில் நிற்பார். "கேட்டியா?" சின்னவர் இல்லையென்று தலையை ஆட்டுவார். அண்ணி இறங்கிப் போவார். அவர் கண்ணுக்குக் கீழே கருத்துக்கொண்டே போனது. அதைப் பார்க்கச் சின்னவருக்குப் பொறுக்கவில்லை. அண்ணிக்காக மட்டும்தான் ஏறினாரா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். ஆனால் அண்ணியைச் சொல்லி ஏறுவது அவருக்கு வசதியாக இருந்தது.

ஒரு காலையில் எப்படியும் பதிலை வாங்கிவிடுவது என்று கிளம்பினார். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முதல் சுற்றிலிருந்தே ஓட்டமும் நடையுமாக ஏறினார். மூன்றாம் தளத்தில் பேச்சு போய்விட்டது. நான்கில் தோள் மரத்தது. ஐந்தில் நெஞ்சைச் சுற்றி யாரோ பட்டையைப் போட்டு இழுத்து முடிந்ததுபோல் இறுகியது. தாடை வலித்தது. நின்றுவிட வேண்டும் என்று அவள் சொன்னது நன்றாகவே ஞாபகம் வந்தது. அவர் நிற்கவில்லை.

விசில் கேட்டது. இத்தனை நாளில் இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. கழுத்தில் மூச்சுக்காற்று படுகிற தூரம்.

சின்னவர் இருந்த மூச்சையெல்லாம் திரட்டினார். "நீ மட்டும்… இல்லேன்னா…"

"…எனக்கு இங்க ஒரு பேச்சும் முடிய மாட்டேங்குதுடா. வந்துடு."

மேலே இன்னும் ஒரே ஒரு திருப்பம். அதற்கப்பால் மொட்டைமாடியின் வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. பதில் கிடைத்துவிட்டது. அண்ணியின் கேள்விக்கான பதில் இல்லை இது. அண்ணன் தன் குறையைத் தம்பியிடம் சொல்கிறார். அங்கேயும் அவர் பாதி பாதியாகப் பேசிவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார். மீதி சொல்ல அங்கே யாரும் இல்லை.

சின்னவருக்குப் போக வேண்டும் என்றிருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, ஆசையாகவே இருந்தது. ஆளில்லாத கடையில் தானே ஆழம் பார்த்துத் தானே சாவி வெட்டி, தன் பேச்சைக் கேட்டுத் தானே அலுத்துப்போன மனுஷன். இன்னும் ஒரு சுற்று வேகமாக ஏறினால் போதும். ஓர் அடி எடுத்தும் வைத்தார்.

அப்போது படியில் நிற்கும் அண்ணி நினைவுக்கு வந்தார். இன்று சாயங்காலமும் வந்து நிற்பார். கேட்டியா என்று கேட்பார், மாடியில் ஆள் இருக்காது. ஒரு பாதிப் பேச்சுக்கே அவர் தூக்கத்தைத் தொலைத்துவிட்டார். இரண்டாவதையும் கையில் கொடுத்துவிட்டுப் போவதா? திடீரென்று சின்னவருக்கு அண்ணன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கட்டின பெண்டாட்டி கேட்ட ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லத் துப்பில்லை, செத்த பிறகும் தன் பேச்சை முடிக்கத் தம்பியைத் தேடுகிற ஆள்!

பெட்டியை இறக்கி வைத்தார். சுவரோரம் உட்கார்ந்தார். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கழுத்தருகே அந்தக் காற்று இன்னும் இருந்தது. அது காத்திருந்தது.

"அண்ணே, நான் வரல," என்றார் சின்னவர். குரல் நடுங்கினாலும் நிற்கவில்லை. "கீழ கடையத் திறக்கணும், சாயங்காலம் அண்ணிக்கு ஒரு பதில் சொல்லணும், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நடக்கப் போகணும், அதனால உன் பேச்ச இனிமே நீயே முடிச்சுக்க."

சொல்லிவிட்டு, பழக்கத்தால், காத்திருந்தார். யாரும் எதுவும் சேர்க்கவில்லை. சேர்ப்பதற்கு அதில் இடமே இல்லை. விசிலும் நின்றுவிட்டிருந்தது. கீழே முதல் கார் உள்ளே நுழைகிற சத்தம் கேட்டது. அந்தக் கார்க்காரர்தான் வண்டியை நிறுத்தி, கைத்தாங்கலாக ஏற்றி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே பிசியோப் பெண் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, பழைய இதயமாக இருந்திருந்தால் அந்தப் பாதையிலேயே நின்றிருக்கும் என்றார் மருத்துவர். ஒரு நாள் வைத்திருந்து, இனி அளவைத் தாண்டுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

வந்து கூட்டிப்போனவர் அண்ணிதான். வீட்டு வாசலில், பெரியவர் கால் நீட்டி உட்காருகிற அந்த நாற்காலியில் சின்னவரை உட்காரவைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி. அவர் சொன்னது உங்களுக்கில்ல, எனக்கு. உங்ககிட்ட அவர் சொல்ல வந்ததோட மீதி எனக்குத் தெரியாது, பொய்யா ஒண்ணு முடிச்சுக் குடுக்கவும் மனசில்ல, இனிமே அத விசாரிக்க நான் அங்க ஏறப் போறதுமில்ல."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபது வருஷமாகிறது. இந்த மனுஷன் ஒரு பேச்சை ஆரம்பித்து, நடுவில் யாருக்காகவும் நிற்காமல், கடைசிவரை கொண்டுபோய் நிறுத்தி அவர் கேட்டதே இல்லை.

"நீயே முடிச்சிட்டியே தம்பி," என்றார்.

சொன்ன பிறகுதான் அந்த 'முடிச்சிட்டியே' அவருக்கே உறைத்தது; அவர் காத்திருந்த மீதி இனி வரப்போவதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு, கணவர் செத்து இத்தனை நாள் கழித்து, முதல்முறையாக அழுதார்.